ஒரு வருஷத்துக் கறுப்பு

அம்மா இறந்த மறுநாள் சவப்பெட்டி கூடத்தில் இருக்கிறது, நான் பின்னறையில் தையற்காரியோடு உட்கார்ந்து துக்க உடுப்பின் கழுத்து எவ்வளவு ஏற்றமாக இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறேன். கறுப்புப் பட்டுக்கு மணிலாவுக்குத் தந்தி போய்விட்டது. எங்களைப் போன்றவர்கள் துக்கத்தையும் விருந்தைப் போலத்தான் நடத்துவோம், ஒன்றும் குறையக் கூடாது. கறுப்புக் கரை போட்ட கைக்குட்டை, கறுப்புக் குடை, கறுப்பு விசிறி, கறுப்புக் காலுறை. வேலைக்காரர்கள் பதினோரு பேருக்கும் கையில் கறுப்பு நாடா. என் தங்கை எஸ்தெலாவின் நாய்க்குட்டிக்கும் கழுத்தில் ஒன்று கட்டினேன். சிரிக்காதீர்கள். அன்றைக்குச் சிலாய் ஊரில் கரும்புத் தோட்டம் வைத்திருந்த எந்த வீட்டிலும் இதற்கு யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். "கொர்தேசா வீட்டில் துக்கம் வந்தபோது அவர்கள் நாய்க்கு வெல்வெட்டிலேயே கட்டினார்கள்" என்று வேண்டுமானால் சொல்லியிருப்பார்கள்.

அது 1937 மார்ச் மூன்றாம் தேதி. எனக்கு முப்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை. அப்பா எப்போதோ போய்விட்டார். எங்கள் லகுனேரா குடும்பத்துத் தோட்டத்தை மாமா பார்த்துக்கொண்டார், வீட்டை நான் பார்த்துக்கொண்டேன். பதினேழு அறைகளின் சாவியும் என் இடுப்பில்தான் தொங்கும். ஞானஸ்நானத்தில் எனக்கு வைத்த பெயர் பிரெசென்டாசியோன். அவ்வளவு நீளத்தை யார் கூப்பிடுவது? பெரியவர்கள் பிரெசிங் என்பார்கள், சின்னவர்கள் அக்கா முறை வைத்து மனாங் பிரெசிங் என்பார்கள். எஸ்தெலாவுக்கு வெறும் மனாங்தான். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அம்மாவுக்குத் தலைவலியும் சீட்டாட்டமும் மாறி மாறி இருந்ததால் அவளை வளர்த்தது நான்தான். செல்லமாக இந்தாய் என்று கூப்பிடுவேன்.

மே மாதம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ரமீரோ கொர்தேசா, மூன்று தோட்டம் தள்ளி இருப்பவர்களின் கடைசிப் பையன். வசதியில் எங்களுக்கு ஒரு படி மேல், நாட்டியத்தில் எல்லோருக்கும் பத்துப் படி கீழ். அவனோடு ஆடிய பெண்கள் மறுநாள் நொண்டுவார்கள். ஆனால் அவன் வாயைத் திறந்தால் வீடே சிரிக்கும். கல்யாண கவுன் பாரீசிலிருந்து வந்து பெட்டியில் கிடந்தது. இலோயிலோவிலிருந்து வாத்தியக்காரர்கள், மணிலாவிலிருந்து ஐஸ் பெட்டியில் ஆப்பிளும் திராட்சையும், ஐந்தடுக்குக் கேக்குக்கு ஸ்பானிஷ்காரர் ஒருவர் என்று எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. அம்மா போனதும் எல்லாம் நின்றது.

"ஒரு வருஷம்," என்றேன். "ஒரு நாள் குறையக் கூடாது."

யாரும் மறுத்துப் பேசவில்லை. அதுதான் வழக்கம். பெற்றவளுக்கு ஒரு வருஷம் கறுப்பு. அதுவரை பாட்டு, ஆட்டம், கல்யாணம் எதுவும் கிடையாது. பியானோவைப் பூட்டிச் சாவியைக் கொத்தில் சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு சாக்லேட் குடிக்க மட்டும் ரமீரோ வரலாம். மேசைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள், நடுவில் நான்.

"மனாங் பிரெசிங், உங்க வீட்டுல நாய்தான் ரொம்ப நல்லா துக்கம் காக்குது," என்றான் ஒரு ஞாயிறு. "வாசல்ல பூன போச்சு. கொலைக்கவே இல்ல. துக்க நாடாவத் தொட்டுக் காட்டிட்டுத் திரும்பிப் படுத்துக்கிச்சு."

எஸ்தெலா கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். எனக்கும் வந்தது. துக்க வீட்டில் பல் தெரியக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். இப்போது நினைத்தால், அன்றைக்கு வாய்விட்டே சிரித்திருக்கலாம்.

ஜூனில் அம்மாவுக்காக ஒரு பெரிய பூசை வைத்தேன். கரும்பு வெட்டெல்லாம் முடிந்து தோட்டத்தில் வேலையே இல்லாத மாதம் அது. கூலிக் குடும்பங்கள் அரிசிக்காகப் பின்வாசலில் கிண்ணத்தோடு நிற்கும். அவர்களுக்கும் ஆளுக்கொரு கறுப்பு நாடா கொடுத்தேன். அதற்கப்புறம்தான் அரிசி. ஒரு கிழவர் நாடாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாருக்குங்க சென்யோரிட்டா?" என்று கேட்டார். "அம்மாவுக்கு" என்றேன். "எம் பேரனும் போன வாரம் போயிட்டான். அதுக்கும் சேத்துக் கட்டிக்கிறேன்" என்றார். எனக்கு அது அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டது. அப்படித்தான் இருந்தேன் நான்.

ஜூலையில் ரமீரோ இருமலோடு வந்தான். அடுத்த ஞாயிறு வரவில்லை. இலோயிலோ டாக்டர் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்து, நுரையீரல் கெட்டிருக்கிறது, பாகியோ மலைக்குப் போய்க் குளிர்காற்றில் ஒரு வருஷமாவது படுத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை நான் துணி அலமாரியைத் திறந்து மேசை விரிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது எஸ்தெலா வந்து கதவைச் சாத்தினாள்.

"மனாங், ஒண்ணு கேக்கணும். வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னாடி முழுசாக் கேளுங்க."

"நீ கேக்குற விதத்துலயே வேண்டாம்னு சொல்லத் தோணுது."

"வியாழக்கிழம ரமீரோ கப்பல் ஏறுறான். நானும் கூடப் போகணும்."

"யாராப் போவ?"

"அதத்தான் கேக்க வந்தேன். பொண்டாட்டியாப் போகணும்."

நான் விரிப்பைக் கீழே வைத்தேன்.

"பாதர்கிட்டப் பேசிட்டேன்," என்றாள் அவசரமாக. "துக்கத்துல இருக்கறவங்களுக்கும் வழி இருக்காம். விடியறதுக்கு முன்னாடி நாலு மணிப் பூசைல, கறுப்பு உடுப்புலயே வச்சு முடிச்சுடுவாங்களாம். மணி அடிக்க மாட்டாங்க, பாட்டு கெடயாது, விருந்து கெடயாது. ரெண்டு சாட்சி போதும். தோன்யா செவெரினாவும் ஒத்துக்கிட்டாங்க. பிரெசிங் சரின்னா எனக்கும் சரிதான்னு சொல்லிட்டாங்க."

தோன்யா செவெரினா ரமீரோவின் அம்மா; பெரிய வீட்டு அம்மாள்களை மரியாதைக்குத் தோன்யா என்போம். மாவட்டத்திலேயே தலைக்கனம் பிடித்த பெண்மணி என்று பெயர். தன் மாமனாருக்கு இரண்டு வருஷம் கறுப்பு உடுத்தியவள். அவளே ஒத்துக்கொண்டாள் என்றதும் எனக்கு வீம்பு ஏறியது.

"நாலு மணிக்கு, கறுப்புல, யாருக்குக் கல்யாணம் நடக்கும்னு தெரியுமா உனக்கு? வயித்துல வாங்கிட்ட சமையக்காரிக்கு நடக்கும். ஊரு முழுக்க விரல் விட்டு மாசத்த எண்ணும்."

"எண்ணட்டுமே. எண்ணி எண்ணி ஏமாந்து போகட்டும்."

"பாரீசுலேருந்து கவுன் வந்து கெடக்கு."

"அது என்ன பசின்னு அழுதுச்சா? கெடக்கட்டும்." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மனாங், அவனுக்கு ராத்திரில காய்ச்சல் வருது. போர்வ நனைஞ்சு போயிடுது. மாத்திப் போட ஒரு ஆளு வேணும். கல்யாணம் ஆகாம நான் பாகியோல அவன் தங்கற வீட்டு வாசப்படி ஏற முடியாது. எனக்கு வேற எதுவும் வேண்டாம். அம்மா இருந்தா சரின்னு சொல்லியிருப்பாங்க."

"அம்மா இருந்தா துக்கமே இல்லையே, இந்தாய்."

அவள் என் கையை விட்டாள். பேச்சில் நான் ஜெயித்துவிட்டேன்.

நோயைக் காரணமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு மன்னிப்பு இருந்திருக்கும். ஒட்டுகிற நோய், உன்னை எப்படி அனுப்புவேன் என்று ஒரு அக்கா சொல்லலாம், நியாயம்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு நோய் நினைவுக்கே வரவில்லை. ஊர் வாய்தான் நினைவுக்கு வந்தது. ஆப்பிள் பெட்டி நினைவுக்கு வந்தது, வாத்தியக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். அதற்கெல்லாம் அடியில் இன்னொன்றும் இருந்தது, அதை யாரிடமும் சொன்னதில்லை. அவள் வியாழக்கிழமை போய்விட்டால் வெள்ளிக்கிழமை காலையில் அந்தப் பெரிய மேசையில் நான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மார்ச் வரை தள்ளினால் எட்டு மாதம் கிடைக்கும்.

அவள் என்னை மீறிப் போயிருக்கலாம். ஆனால் என்னைக் கேட்காமல் ஒரு கைக்குட்டைகூட வாங்கிப் பழக்கமில்லாதவள். அப்படி வளர்த்தவள் நான்.

புலுபந்தான் துறைமுகத்தில் ரமீரோவை வழியனுப்பினோம். வெள்ளை சூட்டில் ஒட்டிய கன்னத்தோடு நின்றான். எஸ்தெலாவோடு பத்து நிமிஷம் தனியாகப் பேச விட்டேன், பெரிய தாராளம் என்று எனக்கு நினைப்பு. கடைசியில் என்னிடம் வந்தான்.

"கோவமெல்லாம் இல்ல மனாங். ஆனா மார்ச்ல மொத டான்ஸ் உங்ககூடத்தான். கால மிதிப்பேன், கத்தக் கூடாது."

"நீ மொதல்ல ஒழுங்கா சாப்புடு," என்றேன். அதுதான் அவனிடம் நான் பேசிய கடைசிப் பேச்சு.

அக்டோபரில் ஆலை ஓடத் தொடங்கியது. ஊரெல்லாம் காய்ச்சிய கரும்புப் பாகு வாசனை. தோட்டத்துக் குட்டி ரயிலில் கரும்பு போகிற சத்தம் காலையிலிருந்து கேட்கும். அந்த வருஷம் நல்ல விளைச்சல். நான் கல்யாண வேலையில் மூழ்கிவிட்டேன். மார்ச் மூன்றாம் தேதி கறுப்பைக் களையும் விருந்து, ஏப்ரலில் கல்யாணம், அறுநூறு பேர். எஸ்தெலா தினமும் கடிதம் எழுதினாள். அவனிடமிருந்தும் வந்தது. முதலில் நான்கு பக்கம், பிறகு இரண்டு, பிறகு ஒன்று. நர்ஸ் நல்லவளாம், ஆனால் அவன் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் புரியாமல் டாக்டரைக் கூப்பிடுகிறாளாம். அதைப் படித்துக் காட்டும்போது எஸ்தெலா சிரித்துக்கொண்டே அழுதாள்.

டிசம்பரில் இன்னொரு முறை கேட்டாள். "நீங்களும் வாங்க மனாங். ஒரு வாரம் ஓட்டல்ல தங்கிப் பாத்துட்டு வந்துடுவோம். எழுத்து கோணலாயிட்டே போகுது, பாருங்க."

"துக்கத்துல இருந்துக்கிட்டு மல மேல ஓட்டல்ல போய்த் தங்கறதா? மார்ச் முடியட்டும், போலாம்."

"மார்ச்சுக்கு அப்புறம் அவனே வந்துடுவான்னுதானே சொன்னீங்க?"

"வந்துடுவான்," என்றேன். கவுனின் இடுப்பை இறுக்கச் சொல்லித் தையற்காரிக்கு ஆள் அனுப்பினேன், எஸ்தெலா இளைத்துப் போயிருந்தாள்.

ஜனவரி பத்தொன்பது, நாலு மணி. சாக்லேட் ஊற்றிக்கொண்டிருந்தாள். தந்தி வந்தது. அவளே வாங்கிப் படித்தாள், நாலாக மடித்தாள். ஊற்றிய கோப்பையை என் முன்னால் வைத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தவளை ராத்திரி வரை எழுப்ப முடியவில்லை.

உடல் கப்பலில் வந்தது. கொர்தேசா வீட்டுக் கூடத்தில் கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் வைத்திருந்தார்கள். முன் வரிசைகளில் துக்கக்காரர்கள், புதுக் கறுப்பில்: அம்மா, அண்ணன்கள், அண்ணிகள், அத்தை பிள்ளைகள்வரை. விருந்தாளிகளுக்குப் பின் வரிசை. யாரும் எஸ்தெலாவை முன்னால் கூப்பிடவில்லை, கூப்பிட உறவு என்ன இருக்கிறது? நாலாவது வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் பின்னால் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது.

"லகுனேரா பொண்ணுங்களப் பாரு, இன்னும் அம்மாவுக்குக் கறுப்ப விடல. நல்ல வளர்ப்பு."

எஸ்தெலாவும் அதைக் கேட்டாள். தன் கறுப்புச் சட்டைக் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அவள் உடம்பில் இருந்த ஒவ்வொரு நூலும் அம்மாவுக்கு உடுத்தியது. ரமீரோவுக்கென்று ஒன்றும் இல்லை. அந்தக் கூடத்தில் அவனுக்காக அவளைவிட அதிகம் அழிந்து போனவர் ஒருவரும் இல்லை, அது யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

பிப்ரவரி கடைசியில் என் அறைக்கு வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"மூணாம் தேதி கறுப்பக் கழட்டணும் இல்ல மனாங்?"

"ஆமா."

"அதுக்கப்புறம் நான் என்ன உடுத்தணும்?"

"உனக்குப் பிடிச்சத உடுத்து, இந்தாய். யாரு என்ன சொல்லப் போறா?"

"அது இல்ல. ரமீரோவுக்குக் கேக்குறேன். பெத்தவங்களுக்கு ஒரு வருஷம். புருஷனுக்கு ஒரு வருஷம், அதுக்கப்புறம் பாதிக் கறுப்பு. மாமாவுக்கு ஆறு மாசம், சித்தப்பா புள்ளைக்கு மூணு மாசம். உங்களுக்குத்தான் எல்லாம் அத்துப்படியாச்சே. நிச்சயம் பண்ணவனுக்கு எவ்வளவு?"

குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டாள். தலைவலிக்கு என்ன மாத்திரை என்று சின்ன வயதில் கேட்பாளே, அப்படி. நிச்சயம் செய்தவனுக்கு எதுவும் கிடையாது. கல்யாணம் ஆகாத பெண் ஒருத்தனுக்காகக் கறுப்பு உடுத்தினால், அவனோடு தனக்கு என்ன இருந்தது என்று அவளே ஊருக்குச் சொல்வதாகிவிடும். ஒன்றே ஒன்றுதான் வழி. அவன் வீட்டார் அவளை மருமகள் என்று சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை காரை எடுக்கச் சொல்லி கொர்தேசா வீட்டுக்குப் போனேன். வாழ்க்கையில் யாரிடமும் போய் நின்று கேட்டதில்லை. தோன்யா செவெரினா ஜன்னலோரம் இருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும் தோன்யா," என்றேன். "உங்க வீட்டு மருமகளா அவ ஒரு வருஷம் கறுப்பு உடுத்தட்டும். வேற எதுவும் கேக்கல."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஜூலைல எம் புள்ள எங்கிட்ட வந்து, அம்மா, விடியக்காலைல கல்யாணம்னான். எனக்கும் கடைசிப் புள்ள. எனக்கு மட்டும் அறுநூறு பேரக் கூப்புட ஆச இல்லையா? முழுங்கிட்டு சரின்னேன். உனக்குத்தான் தொண்டைல எறங்கல."

"தப்புத்தான்."

"நான் கப்பல் ஏறிப் போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு. பக்கத்துல இருந்தது கூலிக்கு வந்த நர்ஸு. தண்ணி கேட்டானாம், அப்புறம் எஸ்தெலா எங்கன்னு கேட்டானாம். அந்தப் பொண்ணு பாவம், எஸ்தெலாங்கறது யாருன்னு தெரியாம முழிச்சிருக்கு." அவள் ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினாள். "உன் தங்கச்சி மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல பிரெசிங். தங்கமான பொண்ணு. ஆனா மருமக உடுத்துற கறுப்ப மருமகதான் உடுத்தணும். எனக்கு மருமக இல்ல. நீ குடுக்கல."

நான் அவள் காலில் விழவில்லை. விழுந்திருக்கலாம். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு முழங்கால் கோவிலில் மட்டும்தான் மடங்கும். காரில் ஏறி வந்துவிட்டேன்.

விருந்தை நிறுத்திவிடலாம் என்று எஸ்தெலாவிடம் சொன்னேன். அவள்தான் வேண்டாம் என்றாள். "அம்மாவுக்கு செய்யற மரியாத இல்லையா? வழக்கப்படி நடக்கட்டும் மனாங்." தோன்யா என்ன சொன்னாள் என்று கேட்கவே இல்லை. என் முகத்திலேயே தெரிந்திருக்கும்.

மூன்றாம் தேதி காலைப் பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். முழுப் பன்றி வாட்டியிருந்தது, ஐஸில் திராட்சை இருந்தது, ஆர்டர் கொடுத்ததெல்லாம் வந்திருந்தது. பியானோவைத் திறந்தாயிற்று. நான் மேலே போய்ச் சாம்பல் நிறம் உடுத்திக்கொண்டு வந்தேன். பிறகு எஸ்தெலா படியிறங்கி வந்தாள், மஞ்சள் பட்டில். கூந்தலைத் தூக்கி வாரி, காதில் முத்து போட்டு, கன்னத்தில் கொஞ்சம் சிவப்பும் தடவியிருந்தாள். வழக்கப்படி எதெது வேண்டுமோ அத்தனையும் செய்திருந்தாள். ரமீரோ மண்ணுக்குள் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை.

"அப்பாடா, இப்பத்தான் வீட்டுக்கு வெளிச்சம் வந்துச்சு!" என்றாள் அத்தை ஒருத்தி, அவள் கன்னத்தைக் கிள்ளி. "வயசு இருவத்திமூணுதானே. இனி நல்ல எடமாப் பாத்துப் பேச வேண்டியதுதான்."

"பேசுங்க அத்த," என்று எஸ்தெலா சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள்.

வாத்தியம் ஆரம்பித்தது. யாரோ ஒரு வழக்கறிஞர் வந்து கை நீட்டினார், அவரோடு ஆடினாள். இன்னொருவர் வந்தார், அவரோடும் ஆடினாள். நன்றாக ஆடினார்கள், ஒருவரும் அவள் காலை மிதிக்கவில்லை. என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சமையற்கட்டுக்குப் போய்ப் பாத்திர அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அம்மாவுக்கு அழாத அழுகை, ரமீரோவுக்கு அழாத அழுகை, எல்லாம் அப்போது வந்தது. சமையற்காரிகள் கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே நகர்ந்தார்கள்.

பின்னால் பட்டுத் துணி சரசரத்தது. எஸ்தெலா கேக் தட்டு எடுக்க வந்திருந்தாள். தன் கைக்குட்டையை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டாள், நான் அவளுக்குச் சின்ன வயதில் துடைத்த மாதிரியே பொறுமையாக.

"அழக் கூடாது மனாங்," என்றாள். "வருஷம் முடிஞ்சு போச்சு."

தட்டை எடுத்துக்கொண்டு விருந்தாளிகளிடம் போனாள்.